வானத்துச் சுமைவண்டி

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் உள்ளது. உருவச் சிலைக்கு மாறாக, ஓங்கி நிற்கும் ஒரு கம்பமே அங்கு மூலவர். இராமநவமியை ஒட்டி நடைபெறும் பெருவிழாவில், சுற்றுவட்டாரத்து உழவர் தம் நிலத்தில் விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து காணிக்கையாகச் செலுத்துவர். நெல்லும் கம்பும் சோளமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முன்னாளில் மாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். இந்நாளில் டிராக்டர்கள் நிற்கின்றன. எனினும் இரண்டொரு வண்டிகளை இன்றும் காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்விழாவிற்கு என் மாணவர் சிலருடன் சென்றிருந்தேன். முற்பகல் வேளை. மேளச் சத்தத்தையும் மீறி வடதிசையிலிருந்து ஓர் இரைச்சல் எழுந்தது. அவ்வூரார் இரைச்சலுக்குப் புதியவர் அல்லர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடும் பகுதி அது. ஆயினும் அன்று அனைவரும் அண்ணாந்து பார்த்தனர். சாம்பல் நிறமான பேருடல் ஒன்று, தஞ்சை இருக்கும் தென்திசை நோக்கி மெல்ல, மிக மெல்லத் தாழ்ந்து சென்றது. அதன் நிழல் வயல்களின்மேல் தவழ்ந்து போனதைக் கண்டு கட்டியிருந்த கன்று ஒன்று துள்ளிக் கயிற்றை இழுத்தது.

என் அருகில் நின்ற எட்டாம் வகுப்பு மாணவன், "ஐயா, அதற்குள்ளே என்ன இருக்கும்?" என்று கேட்டான். தம் வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "வாத்தியாரய்யா, அது எத்தனை மூட்டை தாங்கும்?" என்று வினவினார். முதியவரின் வினாவுக்கு அன்று மாலையே ஒருவாறு விடை சொல்லிவிட்டேன். மாணவனுக்கோ, "ஏதாவது போர்த் தளவாடம் இருக்கும், தம்பி" என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். அந்த விடை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வரலாறு கற்பிப்பவன் அவ்வளவு எளிதில் நழுவியிருக்கக் கூடாது. அன்று சொல்லத் தவறியதைத்தான் இன்று சொல்ல முற்படுகிறேன்.

முதலில், நாங்கள் கண்டது எது? இந்திய விமானப்படையின் பெருஞ்சுமை விமானங்கள் இருவகை. ஒன்று, 1985-இல் படையில் சேர்ந்த சோவியத் நாட்டு ஐ.எல்.-76, அதற்கு நம் படையினர் இட்ட பெயர் 'கஜராஜ்', அதாவது யானைகளின் அரசன். மற்றொன்று, 2013-இல் வந்து சேர்ந்த அமெரிக்க சி-17 குளோப்மாஸ்டர். இரண்டிற்கும் இறக்கைகள் உடலின் மேற்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வோர் இறக்கையின் கீழும் இரண்டிரண்டு எஞ்சின்கள் தொங்கும். வாலின் உச்சியில் குறுக்குச் சிறகு அமைந்திருக்கும். ஆகவே தொலைவில் ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்குவது எளிது. வேறுபாடு அறிய இரண்டு அடையாளங்கள் போதும். ஐ.எல்.-76 விமானத்தின் மூக்கின் அடியில் கண்ணாடி அறை ஒன்று தெரியும். வழிகாட்டும் அதிகாரி அங்கமர்ந்து கீழே நிலத்தைப் பார்ப்பார். சி-17 விமானத்திற்கு அஃது இல்லை. மாறாக அதன் இறக்கை நுனிகள் மேல்நோக்கி மடிந்து நிற்கும். அன்று நாங்கள் கண்டதன் நுனிகள் மடிந்திருந்தன.

அது ஏன் அவ்வளவு மெல்லச் சென்றதாகத் தோன்றியது? விமானம் மெல்லச் செல்லவில்லை; நம் கண் ஏமாந்தது. ஒன்றரை அடி நீளமுள்ள காக்கை விநாடிக்கு 30 அடி பறக்குமாயின், ஒரு விநாடியில் தன் நீளத்தை 20 முறை கடந்துவிடுகிறது. சி-17 விமானத்தின் நீளம் 174 அடி. தரையை நெருங்கி இறங்கும் வேளையில் அது விநாடிக்கு ஏறத்தாழ 200 அடி செல்லும். ஆக, தன் உடல் நீளத்தைக் கடக்கவே அதற்கு ஏறக்குறைய ஒரு விநாடி வேண்டும். நம் கண் வேகத்தை உடலளவு கொண்டே மதிப்பிடுவதால், காக்கை விரைவதாகவும் விமானம் தவழ்வதாகவும் தோன்றுகிறது.

இனி முதியவரின் மூட்டைக் கணக்கு. சி-17 ஏறத்தாழ 77 டன் சுமக்க வல்லது. 75 கிலோ நெல் மூட்டைகளாகக் கணக்கிட்டால் ஆயிரம் மூட்டைகளுக்குச் சற்று மேல். வண்டிக்குப் பத்து மூட்டை என்று வைத்தால் நூறு வண்டிப் பாரம். இதைக் கேட்ட முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "முன்பாரம் பின்பாரம் யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். ஆழமான கேள்வி அது. மாட்டு வண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் மாடு மண்டியிடும். விமானத்திலும் அதே நியாயந்தான். சி-17 விமானத்தை இயக்கும் மூவரில் இருவர் விமானிகள். மூன்றாமவரின் தொழில் முழுவதும் சுமையைப் பற்றியதே. எந்தப் பொருள் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எத்தனை சங்கிலிகளால் கட்டப்பட வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்பவர் அவர். 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானத்தின் பக்ராம் தளத்திலிருந்து எழுந்த ஓர் அமெரிக்கச் சரக்கு விமானத்தில், கனத்த இராணுவ வண்டி ஒன்று கட்டு அறுந்து பின்னோக்கி நகர்ந்தது. மேலே எழுந்த விமானம் மூக்கை வானுக்கு நிமிர்த்தி, வலுவிழந்து தரையில் வீழ்ந்தது, எழுவரும் மாண்டனர். வண்டிக்காரருக்குத் தெரிந்த உண்மையை மறந்துவிட்டால் பேரெஞ்சின்கள் நான்கு இருந்தும் பயனில்லை.

படைக்குச் சோறு கொண்டுபோகும் கவலை பழமையானது. கல்லங்குறிச்சி இருக்கும் இதே மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. 1025-இல் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் படை அனுப்பினான் என்று எல்லாரும் படிக்கிறோம். அக்கப்பல்களில் எத்தனை மூட்டை அரிசி ஏறியது, அதைச் சுமந்தவர் யார் என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. வென்றவர் பெயர் கல்லில் நிற்கும். மூட்டை தூக்கியவர் பெயர் நில்லாது.

வான்வழியே சுமை கொண்டுசெல்லும் எண்ணம் பெருந்திட்டமாக உருவெடுத்தது இரண்டாம் உலகப் போரின்போதுதான். அதற்கு முதற் களமாக அமைந்தவற்றுள் நம் நாடும் ஒன்று. 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அங்கிருந்த இந்தியர் இலட்சக்கணக்கில், அவருள் தமிழர் மிகப் பலர், காட்டு வழியே நடந்தே இந்தியா நோக்கிப் புறப்பட்டனர். வழியில் மாண்டவர் எத்தனையோ பேர். பர்மா வீழ்ந்ததால் சீனாவுக்குச் செல்லும் நிலவழியும் அடைபட்டது. எனவே அசாமிலிருந்து இமயத்தின் கீழைத் தொடர்களைத் தாண்டிச் சீனத்தின் குன்மிங் நகருக்கு அமெரிக்கர் விமானப் பாதை ஒன்றை நடத்தினர். 1945 வரை அவ்வழியே சென்ற சரக்கு ஏறத்தாழ 6,50,000 டன். அதற்குக் கொடுத்த விலை ஏறக்குறைய 600 விமானங்கள். கீழே காலால் நடந்து செத்தவர்களையும் மேலே பெட்ரோல் பீப்பாய்களைச் சுமந்து பறந்தவற்றையும் ஒருங்கே நினைத்துப் பார்த்தால்தான் அந்த ஆண்டுகளின் முழு உருவம் தெரியும்.

அதே 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திரிகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கின. சென்னை மக்கள் அஞ்சி ஊரைவிட்டு ஓடினர். அந்தப் போர்க்காலத்தில் நம் மாநிலத்தில் விமானத் தளங்கள் பல எழுந்தன. தஞ்சை, சூலூர், உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம், கயத்தாறு எனப் பட்டியல் நீளும். இவற்றில் சில பின்னர்ப் புதர் மண்டிப்போயின. சோழவரத்து ஓடுபாதையில் நெடுங்காலம் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. தஞ்சைத் தளத்திற்கோ மறுவாழ்வு கிட்டியது. 2020 சனவரியில் அங்குப் போர் விமானப் படைப்பிரிவு ஒன்று நிலைகொண்டது.

அந்நாளின் சுமை விமானம் டக்கோட்டா. அது தூக்கியது ஏறத்தாழ இரண்டே முக்கால் டன். நம் கணக்கில் நான்கு வண்டிப் பாரத்திற்கும் குறைவு. அந்தச் சிறு வண்டியே வரலாற்றைத் திருப்பியது. 1947 அக்டோபர் 27 காலையில் தில்லியிலிருந்து டக்கோட்டாக்கள் சீக்கியப் படைப்பிரிவு ஒன்றை ஏற்றிக்கொண்டு சிறீநகரில் இறங்கின. நகரம் கைமாறாமல் காக்கப்பட்டது. 1948 மே 24 அன்று மெஹர் சிங் என்ற விமானி, தளபதி திம்மையாவை உடனமர்த்தி, பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள லே நகரத்தின் புதுப் பாதையில் டக்கோட்டாவை இறக்கினார். அவ்வளவு உயரத்தில் இறங்குவதற்காகச் செய்யப்பட்ட விமானம் அன்று அது. முற்றுகையிடப்பட்டிருந்த பூஞ்ச் நகருக்குள் அதே விமானங்கள் பீரங்கிகளைக் கொண்டுசென்றன. திரும்பும்போது அகதிகளை ஏற்றி வந்தன. போகும்போது பீரங்கி, வரும்போது குழந்தைகள், வயிறு ஒன்றே.

இதே காலத்தில் ஐரோப்பாவில் நிகழ்ந்தது பலருக்கும் தெரியும். 1948-இல் சோவியத் நாடு மேற்கு பெர்லினுக்குச் செல்லும் நிலவழிகளை அடைத்தது. அமெரிக்கரும் ஆங்கிலேயரும் ஓராண்டுக்கு மேல் வான்வழியே அந்நகருக்கு உயிரூட்டினர். மொத்தம் 23 இலட்சம் டன். அதில் பெரும்பகுதி நிலக்கரி. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் அந்நகரின்மேல் குண்டு பொழிந்த நாடுகளே பின்னர்க் கரிமூட்டை சுமந்து வந்தன.

நம் நாட்டில் 1961-இல் ஏ.என்.-12 என்னும் நான்கு எஞ்சின் விமானம் வந்தது; சுமை 20 டன். மறு ஆண்டே சீனப் போர். 1962 அக்டோபரில் அவ்விமானம் டாங்கிகளைத் தூக்கிச் சென்று லடாக்கின் சுஷூல் சமவெளியில் இறக்கியது. 1971 போரிலோ வேறொரு செயலில் அதனை ஈடுபடுத்தினர். பின்கதவு வழியே மூட்டை உருட்டுவதற்கென அமைந்த அவ்விமானத்தில் குண்டுகளை அடுக்கி, இரவில் பாகிஸ்தானத்துச் சங்கா மங்கா காட்டிலிருந்த படைக்கலக் கிடங்கின்மேல் உருட்டிவிட்டனர். சுமைவண்டி குண்டுவீச்சு விமானமாயிற்று. கீழே இருந்தவருக்கு மேலே கேட்ட இரைச்சல் மட்டும் பழைய இரைச்சல்தான்.

இவ்வளவும் சொன்னது, தமிழர்க்கு மிக அருகில் நடந்த ஒன்றைச் சொல்வதற்காகவே.

1987-இல் நான் கல்லூரி மாணவன். யாழ்ப்பாணக் குடாநாட்டின்மேல் அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்தே பொருள் தடை இருந்தது. மே மாத இறுதியில் வடமராட்சியில் இலங்கை இராணுவம் பெருந்தாக்குதல் தொடங்கியது. தமிழகம் கொதித்தது. சூன் 3 அன்று இந்தியா உணவுப் பொருள்களைப் படகுகளில் ஏற்றி இராமேசுவரத்திலிருந்து அனுப்பியது. இலங்கைக் கடற்படை வழிமறித்தது, படகுகள் திரும்பின. மறுநாள், சூன் 4, பிற்பகல். பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் எழுந்தன. மிராஜ் 2000 போர் விமானங்கள் துணை சென்றன. உள்ளே அரிசியும் பருப்பும் காய்கறியும் மூட்டைகளாகக் கட்டப்பட்டிருந்தன. உலகம் அறியட்டும் என்று செய்தியாளர்களையும் ஏற்றியிருந்தனர். யாழ்ப்பாணத்தின் மேலே தாழப் பறந்து, பாராசூட்டுகளில் அம்மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பின. அச்செயலுக்கு இட்ட பெயர் 'பூமாலை'.

விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நான், தேநீர்க் கடை வானொலியில் அச்செய்தியைக் கேட்டேன். கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினர். கடைக்காரர் அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை. எனக்கும் நெஞ்சு விம்மியது, அதை மறைப்பதற்கில்லை. பசித்தவனுக்கு வானத்திலிருந்து அரிசி விழுகிறது. அதனினும் பெரிய அறம் உண்டோ என்று நினைத்தேன்.

இப்போது கணக்குப் போடுகிறேன். அன்று போடப்பட்டது மொத்தம் ஏறத்தாழ 25 டன். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ என்றால், 50,000 பேருக்கு ஒரு நாள் உணவு. குடாநாட்டு மக்களோ பல இலட்சம். பசியைத் தீர்ப்பதே நோக்கமாயின் அது போதாது. ஐந்து விமானங்களும் நாள்தோறும் பல முறை சென்றிருக்க வேண்டும். உண்மையில் அவை சுமந்து சென்றது ஒரு செய்தியை: 'நாங்கள் வருவோம், தடுக்க முடியாது' என்ற செய்தி. அது கொழும்புக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்தது. இலங்கை அரசு தன் வானெல்லை மீறப்பட்டதாகக் கண்டனம் செய்தது. ஆயினும் பேச்சுக்கு இறங்கி வந்தது. சூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம் கொழும்பில் கையெழுத்தாயிற்று.

அடுத்த நாளே இந்தியச் சுமை விமானங்கள் மீண்டும் யாழ்ப்பாணத்துக்குச் சென்றன. இம்முறை மேலிருந்து போடவில்லை. பலாலித் தளத்தில் இறங்கின. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அமைத்த தளம் அது. ஏ.என்.-32 விமானங்களின் பின்கதவு திறந்தது. அமைதிப்படை வீரர்கள் வெளியே வந்தனர். மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். அந்த மாலை வாட இரண்டு மாதங்களுக்குச் சற்று மேலாயிற்று, அவ்வளவே. அக்டோபர் 10 முதல் அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. தெருத் தெருவாகச் சண்டை நடந்தது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளும் உயிர்கள் போயின. பொதுமக்கள் பெருந்தொகையில் மாண்டனர். 1990 மார்ச்சில் படை முற்றிலும் திரும்பியபோது, இந்திய வீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர்.

சூன் மாதத்தில் அந்த இரைச்சலைக் கேட்டு வாசலுக்கு ஓடிவந்த யாழ்ப்பாணத்துச் சிறுவன், அக்டோபர் மாதத்தில் அதே இரைச்சலைக் கேட்டு என்ன செய்திருப்பான்? விமானம் மாறவில்லை, எஞ்சின் மாறவில்லை, ஒருவேளை ஓட்டியவரும் மாறியிருக்க மாட்டார். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலும் அதே வானொலிப் பெட்டிதான் இருந்தது. அக்டோபர்ச் செய்திகளைக் கேட்டு ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. தலைகுனிந்து கேட்டுவிட்டுக் கலைந்தனர். நான் வரலாற்றைப் பாடமாக எடுத்துக்கொண்டதற்கு அக்கடையும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். ஆனால் அன்று எனக்கு எதுவும் விளங்கியது என்று சொல்ல மாட்டேன்.

அதே வானில் 38 ஆண்டுகளுக்குப் பின், 2025 நவம்பர் இறுதியில், 'டிட்வா' புயல் இலங்கையைச் சீரழித்தபோது இந்தியச் சுமை விமானங்கள் நிவாரணப் பொருள்களோடும் மீட்புக் குழுவினரோடும் பறந்தன. போர் விமானத் துணை இல்லை; செய்தியும் அரிசிக்குள் பொதியப்படவில்லை; கொழும்பு விமான நிலையத்தில் இறங்கிப் பொருளை ஒப்படைத்தன. விருந்தினர் வாசல் வழியே வருவதற்கும் கூரை வழியே வருவதற்கும் உள்ள வேறுபாடு அது.

சுமை தூக்குபவர்க்கும் ஆபத்து உண்டு. 1968 பிப்ரவரி 7 அன்று லே நோக்கிச் சென்ற ஏ.என்.-12 ஒன்று 102 பேருடன் இமாசலப் பனிமலையில் மறைந்தது. 2003-இல்தான் முதற் சிதைவுகள் கிட்டின. 2024-இலும் பனியிலிருந்து உடல்கள் மீட்கப்பட்டன. ஐம்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்கள் அவை. நம் தாம்பரத்திலிருந்தே 2016 சூலை 22 காலையில் போர்ட் பிளேர் நோக்கி எழுந்த ஏ.என்.-32 ஒன்று, 29 பேருடன் வங்கக் கடலில் காணாமற் போயிற்று. 2024 சனவரியில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது.

சி-17 விமானத்தின் கதையையும் சொல்லாமல் விடலாகாது. அன்று நம் தலைக்கு மேலே சென்றது அதுதானே. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் விமான நிலையமே மூழ்கியபோது, மீட்புக் குழுவினரை ஏற்றி வந்து அரக்கோணம் கடற்படைத் தளத்தில் இறக்கியது. 2021 மே மாதத்தில், நோயாளிகள் மூச்சுக்குத் தவித்த நாள்களில், இங்கிலாந்திலிருந்து 450 பிராணவாயு உருளைகளைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் உக்ரைன் போரிலிருந்து அண்டை நாடுகளுக்குத் தப்பிய நம் மாணவர்களை ஏற்றிவந்த விமானங்களுள் அதுவும் ஒன்று. அவர்களில் தமிழ்நாட்டு மருத்துவ மாணவரும் பலர்.

அதே வகை விமானம் அமெரிக்கரிடமும் உண்டு. 2021 ஆகஸ்டில் காபூல் நகரம் வீழ்ந்தபோது, ஒரு சி-17 தன் தரையில் 823 பேரை நெருக்கி அமர்த்திக்கொண்டு பறந்தது. மறுநாள் மற்றொன்றின் புறத்தே பற்றித் தொங்கியவர்கள் வானிலிருந்து வீழ்ந்து மாண்டதை உலகமே கண்டது. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்கச் சி-17 ஒன்று அமிர்தசரசில் இறங்கியது. உள்ளே 104 இந்தியர். உரிய சீட்டின்றி அமெரிக்காவில் தங்கியவர்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். கையிலும் காலிலும் விலங்கு. பீரங்கி வண்டியைக் கட்டுவதற்கென்று அமைந்த தரைமேல் மனிதரைக் கட்டிக் கொண்டுவந்தனர். உக்ரைனிலிருந்து திரும்பிய மாணவர் அமர்ந்ததும் இத்தகைய தரைமேல்தான் என்பதை எண்ணும்போது எனக்குப் பேச நா எழுவதில்லை.

அந்த மாணவனின் வினாவுக்கு வருகிறேன். கல்லங்குறிச்சி வானில் சென்ற அதற்குள் என்ன இருந்தது? எனக்குத் தெரியாது, கீழிருந்து பார்ப்பவர் எவருக்கும் தெரியாது. ஏற்றியவருக்கும் அனுப்பியவருக்கும் மட்டுமே தெரியும். 'போர்த் தளவாடம்' என்று நான் சொன்னது தவறாக இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். 1987 சூன் மாதத்தில் எங்கள் தேநீர்க் கடையில், உள்ளே இருப்பது முழுவதும் அரிசிதான் என்று கைதட்டினோமே, அதுவும் இத்தகைய விடைதான்.

விழா முடிந்து பல மாதங்களுக்குப் பின் ஒரு நாள், வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. தொலைவில் அதே போன்ற இரைச்சல். அம்மாணவன் அனுமதி கேட்காமலே சன்னலுக்கு ஓடினான். நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இரைச்சல் தேய்ந்த பிறகு இடத்திற்குத் திரும்பி வந்தவன், "ஐயா, இதன் மூக்கில் கண்ணாடி இருந்தது; அந்த மடிந்த நுனி இல்லை" என்றான்.

"அப்படியானால் அது யானை, தம்பி. உட்கார்" என்றேன்.